வீட்டுக்காரரின் ஏஜென்ட்டுக்கு வாடகைக்கு வருபவர் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எம்.எஸ்சி. படிக்க வந்திருக்கும் என் அக்கா மகன், வந்த இரண்டாவது வாரமே ஒரு மின்னஞ்சலை எனக்கு அனுப்பினான். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து அவன் பார்த்து வைத்திருந்த வீட்டுக்கு லெட்டிங் ஏஜென்சி அனுப்பிய பட்டியல் அது. மாத வாடகை 1,300 பவுண்டு. வீட்டைப் பிடித்து வைக்க 325. மூன்று பேரைப் பற்றியும் விசாரிக்கும் ரெஃபரன்ஸுக்கு ஆளுக்கு 40 வீதம் 120. டெபாசிட் 1,625. முதல் மாத வாடகை 1,300. வீட்டுச் சாமான் பட்டியல் எடுக்க 90. காலி செய்யும்போது சுத்தம் செய்ய முன்பணம் 150. மொத்தம் 3,610 பவுண்டு.

"மாமா, இதெல்லாம் இங்க வழக்கம்தானா? கட்டிடட்டுமா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. சென்னையில் வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கொடுத்துப் பழகியவர்கள் நாம். இங்கே கண்ணாடிக் கதவும் கோட்டு போட்ட ஆளும் இருக்கும் அலுவலகம் கேட்டால், அது நியாயமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருபது வருடமாக இருப்பவர்களிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் வரும். "ஏஜென்சி எதுவும் வாங்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு" என்பார் ஒருவர். "அதெல்லாம் பேப்பர்லதான், கட்டாம வீடு கிடைக்காது" என்பார் இன்னொருவர். இரண்டுமே பாதி உண்மை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டே இதை முதலிலிருந்து பார்ப்போம்.

ஏஜென்சி யாருடைய ஆள்?

லெட்டிங் ஏஜென்சி என்பது வீட்டு உரிமையாளர் அமர்த்தும் இடைத்தரகு நிறுவனம். விளம்பரம் போடுவது, வீட்டைக் காட்டுவது, வாடகைக்கு வருபவர் ஒழுங்காகப் பணம் கட்டுவாரா என்று விசாரிப்பது, ஒப்பந்தம் எழுதுவது, சில நேரம் மாதாமாதம் வாடகை வசூலித்துக் கொடுப்பது என இவ்வளவும் உரிமையாளருக்காகச் செய்யப்படும் வேலைகள். இதற்காக உரிமையாளர் வாடகையில் ஒரு பங்கையோ ஒரு குறிப்பிட்ட தொகையையோ அவர்களுக்குக் கொடுக்கிறார்.

ஊரில் கல்யாண மண்டபம் பிடித்த அனுபவம் உங்களுக்கு இருந்தால் மீதி எளிதில் புரியும். மண்டபம் பிடித்திருக்கிறது, தேதியும் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் மேனேஜர் சொல்வார்: மேடை அலங்காரம் எங்கள் ஆள்தான் செய்வார், ஜெனரேட்டர் எங்களுடையதுதான், துப்புரவுக்கு இவ்வளவு தனி. வெளியே அதே அலங்காரம் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் நீங்கள் தேர்ந்தெடுத்தது மண்டபத்தை. அலங்காரக்காரர் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார். உங்களால் அவரை மாற்ற முடியாது, அதனால் அவர் விலையைக் குறைக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

வாடகை வீட்டிலும் இதுதான் நடந்தது. நாம் தேடுவது வீட்டை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கம், பஸ்ஸுக்குப் பக்கம், கைக்கு அடங்கும் வாடகை என்று பார்த்துப் பார்த்து ஒன்று அமையும்போது, அந்த வீட்டை வைத்திருக்கும் ஏஜென்சியும் கூடவே வருகிறது. "உங்க ரெஃபரன்ஸ் கட்டணம் அதிகமா இருக்கு, நான் அடுத்த தெரு ஏஜென்சிக்குப் போறேன்" என்று சொல்ல முடியாது. அந்த வீடு அடுத்த தெரு ஏஜென்சியிடம் இல்லையே. உரிமையாளர் நினைத்தால் ஏஜென்சியை மாற்றலாம். ஆனால் வாடகைக்கு வருபவர் கட்டும் கட்டணம் எவ்வளவு என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் அது அவர் பையிலிருந்து போவதில்லை. தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர். விலை கட்டுக்கடங்காமல் போனதற்குக் காரணம் இந்தப் பிளவுதான். ஏஜென்சிக்காரர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்ற கேள்வியே இதில் எழவில்லை.

இதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. ஒரே ரெஃபரன்ஸ் வேலைக்கு உரிமையாளரிடமும் வாங்கி, வாடகைக்கு வருபவரிடமும் வாங்க வழி இருந்தது. கல்யாணத் தரகர் இரண்டு வீட்டிலும் வாங்குவதுண்டு. ஆனால் அவர் இரண்டு வீட்டுக்கும் அலைகிறார். இங்கே அலைந்தது ஒரு வீட்டுக்காக மட்டும்.

சுருக்கமாக: ஏஜென்சியை அமர்த்துவது உரிமையாளர், வேலையும் அவருக்குத்தான். வாடகைக்கு வருபவருக்கு ஏஜென்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாததால், அவரிடம் வாங்கிய கட்டணத்துக்குப் போட்டி என்ற கடிவாளமே இல்லாமல் போயிற்று.

தடை வருவதற்கு முன்

1953-லேயே பிரிட்டனில் ஒரு சட்டம் இருந்தது. பெயர் பதிந்துகொள்வதற்கும், காலி வீடுகளின் முகவரிப் பட்டியல் கொடுப்பதற்கும் பணம் வாங்கக் கூடாது என்றது அது. ஏஜென்சிகள் அந்த இரண்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துக் கட்டணம் வாங்கின. 2014-இல் நானும் என் மனைவியும் லண்டனில் ஒரு ஒற்றை அறை ஃபிளாட்டுக்குப் போனபோது, ரெஃபரன்ஸுக்கு ஆளுக்குத் தனித்தனியாகக் கட்டினோம், ஒப்பந்தம் எழுதக் கட்டினோம், சாமான் பட்டியலுக்குக் கட்டினோம். எல்லாம் முடிந்தது என்று நினைத்தால், அடுத்த வருடம் அதே வீட்டில் தொடர்வதற்கு "புதுப்பித்தல் கட்டணம்" என்று 90 பவுண்டு கேட்டார்கள். பழைய ஒப்பந்தத்தில் தேதியை மட்டும் மாற்றிய இரண்டு தாள் வந்தது. அந்தத் தொண்ணூறு பவுண்டு இன்றும் எனக்கு மறக்கவில்லை. அந்த மாதம் ஊருக்குப் பணம் அனுப்புவதைத் தள்ளிப் போட்டோம்.

முதலில் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது ஸ்காட்லாந்து. அங்கே 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வாடகையும் திருப்பித் தரக்கூடிய டெபாசிட்டும் தவிர வேறு வாங்கக் கூடாது என்று இருந்தது. ஆனால் அது தெளிவாக இல்லை என்று சாக்கு சொல்லி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2012 நவம்பரில் அந்தத் தெளிவின்மையையும் நீக்கினார்கள். இங்கிலாந்து வேறு வழியில் போனது. 2015 மே மாதம் முதல், ஏஜென்சிகள் தங்கள் கட்டணங்களை அலுவலகத்திலும் இணையத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்ற விதி வந்தது. விலை தெரிந்தால் போட்டி வரும் என்பது கணக்கு. மண்டபக் கதையை நினைத்துக்கொண்டால் அது ஏன் பலிக்கவில்லை என்று தெரியும். அலங்காரக்காரரின் விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டினாலும் அவரை மாற்ற முடியாது என்பது மாறவில்லையே.

2016 நவம்பரில் அப்போதைய நிதியமைச்சர் ஃபிலிப் ஹாம்மண்ட் தடையை அறிவித்தார். சட்டம் 2019-இல் வந்தது: வாடகைதாரர் கட்டணச் சட்டம், 2019. இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 ஜூன் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து அமலானது. வேல்ஸ் தனக்கென்று ஒரு சட்டத்தை 2019 செப்டம்பர் 1 முதல் கொண்டு வந்தது. இதனால் வாடகைதாரர்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது 24 கோடி பவுண்டு மிச்சமாகும் என்று இங்கிலாந்து அரசு அப்போது கணக்கிட்டது.

சட்டம் எழுதப்பட்ட விதம்

பலருக்கும் சரியாகப் புரியாத இடம் இதுதான், இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

ஒரு அடுக்குமாடி வாசலில் இரண்டு வாட்ச்மேன்கள். ஒருவரிடம் உள்ளே விடக்கூடாதவர்களின் பட்டியல் இருக்கிறது. இன்னொருவரிடம் உள்ளே விட வேண்டியவர்களின் பட்டியல் மட்டும் இருக்கிறது. முதலாமவரை ஏமாற்றுவது சுலபம், பெயரை மாற்றிச் சொன்னால் போதும். இரண்டாமவரிடம் அது நடக்காது. என்ன பெயர் சொன்னாலும் பட்டியலில் இல்லையென்றால் கதவு திறக்காது.

1953 சட்டம் முதல் வாட்ச்மேன். 2019 சட்டம் இரண்டாவது வாட்ச்மேன். "ரெஃபரன்ஸ் கட்டணம் கூடாது, நிர்வாகக் கட்டணம் கூடாது" என்று ஒவ்வொன்றாக அது எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இன்னின்ன தொகைகளை வாங்கலாம் என்று ஒரு சிறு பட்டியல் போட்டது. அதற்கு "அனுமதிக்கப்பட்ட தொகைகள்" என்று பெயர். பட்டியலில் இல்லாதது எந்தப் பெயரில் வந்தாலும் தடை. ஏஜென்சி கேட்டாலும் தடைதான், உரிமையாளரே நேரடியாகக் கேட்டாலும் தடைதான்.

பட்டியலில் இருப்பவை: வாடகை, ஓர் அளவுக்கு உட்பட்ட டெபாசிட், வீட்டைப் பிடித்து வைக்கும் ஹோல்டிங் டெபாசிட், மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம், டிவி உரிமம், கவுன்சில் வரி போன்ற செலவுகள், மற்றும் வாடகைக்கு இருப்பவர் ஏதாவது மாற்றம் கேட்டாலோ, தவறு செய்தாலோ எழும் சில குறிப்பிட்ட தொகைகள். அவ்வளவுதான்.

வீடு பார்க்க வருவதற்கு, ரெஃபரன்ஸுக்கு, வங்கிக் கடன் வரலாறு பார்ப்பதற்கு, விசா சரிபார்ப்புக்கு, ஜாமீன் போடுபவரை விசாரிப்பதற்கு, ஒப்பந்தத்துக்கு, சாமான் பட்டியலுக்கு, சாவி கொடுப்பதற்கு, காலி செய்யும்போது வந்து பார்ப்பதற்கு, புதுப்பிப்பதற்கு என எதற்கும் வாங்க முடியாது. என் அக்கா மகனின் பட்டியலில் 120-ம் 90-ம் 150-ம் இப்போதே அடிபட்டுவிட்டன.

வாடகைக்குள்ளேயே கட்டணத்தை ஒளித்து வைக்கவும் வழியில்லை. முதல் மாதம் மட்டும் 1,600, அப்புறம் 1,300 என்று எழுதினால் அந்தக் கூடுதல் 300-ம் தடை செய்யப்பட்ட தொகைதான். "எங்க இன்ஷூரன்ஸ் எடுத்தால்தான் வீடு" என்று வேறொரு நிறுவனத்தின் பக்கம் தள்ளிவிடவும் கூடாது.

இந்தச் சட்டம் தனி வீடுகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மாணவர் விடுதி அறைக்கும், ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே ஒரு அறையில் தங்குபவருக்கும்கூட இது பொருந்தும். நம் கடைகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் "அறை வாடகைக்கு, குடும்பப் பெண்களுக்கு மட்டும்" சீட்டுக்கும் இது பொருந்தும். அந்த அறையைப் பேசி முடித்து வைக்க வீட்டுக்காரர் பக்கம் நிற்கும் "தெரிஞ்ச அண்ணன்" 200 பவுண்டு கேட்டால் அதுவும் தடை. நம் ஆள் என்பதால் கேட்கக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிடுகிறோம். புதிதாக வந்த பிள்ளைகளிடம்தான் இது அதிகம் நடக்கிறது, அதனால்தான் சொல்கிறேன்.

சுருக்கமாக: கேட்கப்படும் தொகையின் பெயரைப் பார்க்காதீர்கள். அனுமதிக்கப்பட்ட பட்டியலில் அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வார வாடகை என்றால் எவ்வளவு?

சட்டத்தில் இரண்டு அளவுகள் வார வாடகையில் இருக்கின்றன. ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. வருட வாடகை 50,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் என்றால் மட்டும் ஆறு வாரம்.

இங்கேதான் சத்தமில்லாமல் ஒரு தவறு நுழைகிறது. மாத வாடகையை நாலால் வகுத்தால் வார வாடகை என்று நினைக்கிறோம். மாதத்துக்கு நாலு வாரம் என்றால் வருடத்துக்கு 48 வாரம்தான் வரும். ஆனால் வருடத்தில் இருப்பதோ 52. அதனால் மாத வாடகையை 12-ஆல் பெருக்கி 52-ஆல் வகுக்க வேண்டும்.

1,300-ஐ 12-ஆல் பெருக்கினால் 15,600. அதை 52-ஆல் வகுத்தால் 300. அப்படியானால் ஹோல்டிங் டெபாசிட் 300 பவுண்டுதான், டெபாசிட் 1,500-தான். நாலால் வகுத்ததால்தான் பட்டியலில் 325-ம் 1,625-ம் வந்தன. டெபாசிட்டில் மட்டும் 125 பவுண்டு கூடுதல். தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்பது எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கூடுதலாக வாங்கிய பகுதி தடை செய்யப்பட்ட தொகைதான்.

டோக்கன் அட்வான்ஸ் மாதிரி ஒன்று

ஹோல்டிங் டெபாசிட்டை நம் ஊர் டோக்கன் அட்வான்ஸோடு ஒப்பிடலாம். "வேற யாருக்கும் காட்டாதீங்க, நாங்க எடுத்துக்கிறோம்" என்று கையில் கொடுத்துவிட்டு வருவோமே, அது. ஊரில் அந்தப் பணம் திரும்புமா என்பது எதிரில் இருப்பவரின் மனதைப் பொறுத்தது. இங்கே விதி இருக்கிறது.

பணம் வாங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் ஒப்பந்தம் முடிய வேண்டும். வேறு தேதி வேண்டுமென்றால் இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் போட்டுவிட்டால் அந்தப் பணத்தை 7 நாளுக்குள் திருப்ப வேண்டும், அல்லது உங்கள் சம்மதத்தோடு முதல் வாடகையிலோ டெபாசிட்டிலோ கழித்துக்கொள்ளலாம். உரிமையாளர் பின்வாங்கினாலும் 7 நாளில் திருப்ப வேண்டும். ஒரே வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேரிடம் ஹோல்டிங் டெபாசிட் வாங்கக் கூடாது.

பணம் போகும் சந்தர்ப்பங்களும் உண்டு. நீங்களாக மனம் மாறி விலகினால் போகும். கேட்ட தகவலைக் கொடுக்காமல் இழுத்தடித்தால் போகும். சம்பளத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ பொய் சொல்லி அது உரிமையாளரின் முடிவைப் பாதிக்குமென்றால் போகும். இங்கிலாந்தில் வீடு வாடகைக்கு எடுக்க விசா உரிமை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது, அதில் தேறாவிட்டாலும் போகும். ஆனால் பணத்தை வைத்துக்கொள்வதென்றால் ஏன் என்று 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் அதை வைத்துக்கொள்ள முடியாது.

ஆகவே படிவத்தில் சம்பளத்தைக் கூட்டி எழுதாதீர்கள். "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று சொல்லும் நண்பர் அந்த 300 பவுண்டைத் தரமாட்டார்.

'அட்வான்ஸ்' என்ற ஒரு சொல்லால் வரும் குழப்பம்

தமிழில் வீட்டு அட்வான்ஸ் என்றால் காலி செய்யும்போது திரும்பி வரும் பணம். இங்கே அதற்கு டெபாசிட் என்று பெயர். ஏஜென்சி "ஆறு மாத வாடகை அட்வான்ஸ்" என்று சொல்லும்போது, நம் பிள்ளைகள் அது திரும்பி வரும் பணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது திரும்பி வராது. வரப்போகும் ஆறு மாத வாடகையை இப்போதே கட்டச் சொல்கிறார்கள்.

டெபாசிட் உங்கள் பணம். உங்கள் பெயரில் பத்திரமாக இருக்க வேண்டிய பணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஏப்ரல் முதல் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வைக்க வேண்டும் என்று விதி. கிடைத்து 30 நாளுக்குள் அங்கே பதிந்து உங்களுக்குத் தகவல் தர வேண்டும். தவறினால், டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை உங்களுக்குக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம்.

முன்கூட்டியே கட்டும் வாடகைக்கு 2019 சட்டம் வரம்பு வைக்கவில்லை. அதனால் இந்த நாட்டில் ஜாமீன் போட ஆளில்லாத வெளிநாட்டு மாணவர்களிடம் ஆறு மாதமும் வருடம் முழுக்கவும் கேட்டார்கள். எத்தனையோ வீட்டில் அம்மாவின் நகை அதற்காக அடகுக் கடைக்குப் போயிருக்கிறது. வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2025 இதை மாற்றுகிறது. 2026 மே 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில், கையெழுத்துக்கு முன்னால் வாடகையே வாங்கக் கூடாது. கையெழுத்தானபின் குடிவருவதற்கு முன் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. விளம்பரத்தில் போட்ட வாடகைக்கு மேல் ஏலம் கேட்பதும் கூடாது. காலவரம்பு வைத்த ஒப்பந்தமே போய்விடுவதால் புதுப்பித்தல் என்ற சடங்குக்கும் இடமில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் மாணவர்களுக்கென்றே கட்டி நடத்தும், அங்கீகரிக்கப்பட்ட விடுதிகள் இந்தப் புதிய சட்டத்தின் வாடகை விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. அங்கே சேர்பவர்கள் ஒப்பந்தத்தை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

குடிவந்த பிறகு

சாவியைத் தொலைத்தால் புதுச் சாவிக்கு ஆகும் நியாயமான செலவைக் கேட்கலாம், ரசீதோடு. வாடகை 14 நாள் தாமதமானபின் வட்டி கேட்கலாம்; அதுவும் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 3 சதவீதம் என்ற அளவுக்குள். இந்த இரண்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். "நினைவூட்டல் கடிதம் அனுப்பினோம், 30 பவுண்டு" என்பதெல்லாம் செல்லாது.

ஒப்பந்தத்தில் நீங்களே மாற்றம் கேட்டால், உதாரணமாக உடன் இருக்கும் நண்பர் போய் வேறொருவர் வந்தால், 50 பவுண்டு வரை வாங்கலாம். அதற்கு மேல் ஆனது என்றால் அவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். பாதியில் விட்டுப் போக நீங்களே கேட்டு அவர்கள் ஒத்துக்கொண்டால், உரிமையாளருக்கு உண்மையாக ஏற்படும் இழப்பு வரைக்கும் கேட்கலாம்.

சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஆள் வைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் குடிவந்தபோது வீடு இருந்த அதே சுத்தத்தோடு திருப்பிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. இல்லையென்றால் டெபாசிட்டிலிருந்து கேட்பார்கள். நாம் தாளித்துச் சமைப்பவர்கள், அடுப்புக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கு படியும். குடிவந்த முதல் நாளே வீடு முழுக்கப் புகைப்படம் எடுத்து, தேதியோடு ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சாமான் பட்டியலுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டாம், ஆனால் அதை வரிக்கு வரி படித்துப் பாருங்கள்.

"டெபாசிட்டே வேண்டாம், ஒரு வார வாடகை மட்டும் கட்டுங்க" என்று ஒரு திட்டமும் இப்போது சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தப் பணம் திரும்பி வராது, அதைக் கட்டியதால் சேதத்துக்கான பொறுப்பும் தீராது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம், கட்டாயப்படுத்த முடியாது. கையில் பணம் அறவே இல்லாத நிலையில் தவிர நான் யாருக்கும் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இதனால் வாடகை ஏறிவிடாதா?

இந்தத் தடையை எதிர்த்தவர்கள் வைத்த வாதம் இது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. ஏஜென்சிக்கு ஒரு பக்கம் வருமானம் குறைந்தால் உரிமையாளரிடம் கூடக் கேட்கும், உரிமையாளர் வாடகையில் ஏற்றப் பார்ப்பார். கொஞ்சம் ஏறட்டும், அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் இரண்டு விஷயங்கள் மாறிவிடுகின்றன.

வாடகை விளம்பரத்திலேயே தெரிகிறது. 1,300 வீட்டையும் 1,320 வீட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வீட்டை முடிவு செய்தபின் தலையில் விழும் 360 பவுண்டை யாராலும் ஒப்பிட முடியாது. அடுத்தது, அந்த ஏஜென்சியின் கட்டணம் அதிகம் என்றால் உரிமையாளருக்கு இப்போது வலிக்கும், அவரால் ஏஜென்சியை மாற்றவும் முடியும். தேர்ந்தெடுப்பவரும் கட்டுபவரும் ஒரே ஆளாகிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு, புள்ளிவிவரத்தில் வராது. வீடு மாறும் மாதத்தில்தான் ஒரு குடும்பத்தின் கையில் காசு இருக்காது. பழைய டெபாசிட் இன்னும் வந்திருக்காது, புது டெபாசிட் கட்ட வேண்டும், வண்டி வாடகை வேறு. அந்த மாதத்தில் கேட்கப்படும் 360 பவுண்டுக்கும், பன்னிரண்டு மாதமாகப் பிரிந்து வரும் 360 பவுண்டுக்கும் உள்ள வித்தியாசம், கடன் அட்டையில் வாடகை கட்டியவர்களுக்குத் தெரியும்.

சுருக்கமாக: செலவு முழுக்க மறைந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. அது கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு, பேரம் பேசக் கூடியவரின் பக்கத்துக்கு நகர்ந்திருக்கிறது.

இங்கிலாந்துக்கு வெளியே

வேல்ஸிலும் இதே மாதிரி அனுமதிப் பட்டியல்தான், ஹோல்டிங் டெபாசிட்டும் ஒரு வாரம்தான். ஆனால் ஐந்து வார டெபாசிட் வரம்பு இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் டெபாசிட் இரண்டு மாத வாடகை வரை போகலாம். வட அயர்லாந்தில் ஒரு மாத வாடகைக்கு மேல் கூடாது. கார்டிஃபில் இருக்கும் நண்பர் சொன்ன கணக்கை லெஸ்டரில் போடாதீர்கள்.

கட்டிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஏஜென்சிக்கே மின்னஞ்சல். தொலைபேசியில் பேசாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். எந்தத் தொகை, எந்தத் தேதியில் கட்டியது, 2019 சட்டத்தின்படி அது அனுமதிக்கப்பட்ட தொகை இல்லை, இத்தனை நாளில் திருப்புங்கள் என்று நாலு வரி போதும். பலர் இந்தக் கட்டத்திலேயே திருப்பிவிடுவார்கள்.

பதில் வராவிட்டால் மூன்று கதவுகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் ஒவ்வொரு லெட்டிங் ஏஜென்சியும் 2014 அக்டோபர் முதல் ஏதாவதொரு குறைதீர்ப்பு அமைப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். எந்த அமைப்பு என்று அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். அங்கே புகார் செய்யலாம். உங்கள் கவுன்சிலில் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் என்ற வணிக நேர்மைப் பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது அவர்கள் வேலை. மூன்றாவது, சொத்து விவகாரங்களுக்கான தீர்ப்பாயத்தில் நீங்களே விண்ணப்பித்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் இரண்டும் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

சட்டம் வந்தபோது வைத்த தண்டனை சிறியதல்ல. முதல் தடவை 5,000 பவுண்டு வரை. ஐந்து வருடத்துக்குள் மறுபடியும் செய்தால் அது குற்ற வழக்காகலாம், அல்லது 30,000 பவுண்டு வரை தண்டத் தொகை.

புகார் செய்தால் விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று என் அக்கா மகன் கேட்டான். இதே பயத்தில் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள். வாடகைக் கட்டணம் பற்றிய புகாருக்கும் உங்கள் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவன் இன்னும் பணம் கட்டியிருக்கவில்லை என்பதால் வேலை சுலபமாக முடிந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினோம். ரெஃபரன்ஸ், சாமான் பட்டியல், சுத்தம் மூன்றும் அனுமதிக்கப்பட்டவை இல்லை. வார வாடகை 300. ஹோல்டிங் டெபாசிட்டை முதல் வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதம் என்று எழுதினோம். இரண்டு நாள் பதில் இல்லை. வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று பையன் தூங்கவில்லை. மூன்றாம் நாள் திருத்திய பட்டியல் வந்தது, விளக்கம் எதுவும் இல்லாமல். டெபாசிட் 1,500, முதல் மாத வாடகை 1,300, அதில் ஏற்கெனவே கட்டப்போகும் 300-ஐக் கழித்து 1,000. அந்த 300-ஐயும் சேர்த்து ஆக மொத்தம் 2,800 பவுண்டு.

மிச்சமான 810 பவுண்டில் மூன்று பேரும் முதலில் வாங்கியது ஒரு நல்ல குக்கர்.